வரும்போதே அணைந்திருந்தது

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. பூட்டு என்றுதான் சொல்வார்கள். தகவல் பாதுகாப்புத் துறையின் தலைவர். துறை என்றால் அவரும், கணினிக் கோளாறுகளைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கீழே ஓர் ஆளும், அவ்வளவுதான். ஆனால் அவர் நடந்துவரும் தோரணையைப் பார்த்தால் பின்னால் ஒரு பட்டாளமே வருகிறதோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். தன்னைப் பூட்டு என்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்த பிறகு அந்த மாடியில் எதுவும் சுலபமாக நடந்ததில்லை. பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டும். பழையது கூடாது, பிள்ளைகளின் பெயர் கூடாது, பிறந்த தேதி கூடாது, நடுவில் ஓர் ஆச்சரியக்குறியாவது இருக்க வேண்டும். மனப்பாடம் ஆகாத ஒன்றை மனிதர்கள் எங்காவது எழுதித்தானே வைப்பார்கள்? கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் பூட்டு மேசை மேசையாகப் போய்க் கீபோர்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார். பென் டிரைவ் செருகும் துளைகளைப் பசை ஊற்றி அடைத்தார். அந்த மாடியில் பிரிண்டர் ஒன்று இருந்தது. அதற்கும் கணினிகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டுமென்றாலும் இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்குச் செல்லமானது ஃபயர்வால். வெளியிலிருந்து யாராவது கணினிக்குள் எட்டிப் பார்க்க வந்தால் வாசலிலேயே மறித்து, யார் நீ, என்ன வேலை என்று கேட்கும் காவலாளி அது. அலுவலகக் கணினிகளில் அந்தக் காவலாளி பெட்டியிலிருந்து எடுக்கும்போதே விழித்திருப்பான். புதிதாக ஒரு வலையில் சேரும்போது, இது உங்கள் சொந்த இடமா, பொது இடமா என்று ஒரு கேள்வி கேட்பான். பொது இடம் என்ற பதிலைப் பூட்டு எல்லாக் கணினியிலும் நிரந்தரமாக்கி வைத்திருந்தார். அதனால் அந்த மாடியில் ஒவ்வொரு கணினியும், பக்கத்து மேசையில் பல வருடமாக இருக்கும் கணினியைப் பார்த்து, பேருந்து நிலையத்தில் அறிமுகமில்லாதவர் அருகே உட்கார்ந்ததைப் போலப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதெல்லாம் போதாதென்று விழிப்புணர்வு வீடியோக்கள் வேறு. எழுதியவர், நடித்தவர், குரல் கொடுத்தவர் எல்லாம் அவரே. சாப்பாட்டு அறையின் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் அவை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். வாயில் சோற்றை வைக்கும்போதெல்லாம் பூட்டு விரலை நீட்டி, தெரியாத எதையும் தொடாதீர்கள் என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் புது லேப்டாப் ஆசை வந்தது. அலுவலகத்தில் மற்றவர்கள் வைத்திருந்த ரகம் இல்லை. வெள்ளி நிறத்தில், கத்தி மாதிரி மெல்லிதாக, வேறு கம்பெனியின் வேறு சிஸ்டம். அதற்கு வைரஸே பிடிக்காது என்று ஏதோ கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பாதுகாப்புத் தலைவரின் கணினியே பாதுகாப்பாக இல்லாவிட்டால் எப்படி என்று நிர்வாகக் குழுவில் அரை மணி நேரம் பேசினார். அவர் பேச்சை முடித்தால் போதும் என்று குழு ஒப்புக்கொண்டது.

எந்தக் கணினியும் அலுவலக வலையில் சேருமுன் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. பூட்டு கொண்டுவந்த விதிதான். பரிசோதிக்க வேண்டியவன் அவருக்குக் கீழே இருந்த அந்த ஓர் ஆள். அவனை எல்லாரும் டிக்கெட் என்பார்கள். யார் என்ன கோளாறு என்று வந்தாலும், தீப்பிடித்துப் புகை வந்தாலும்கூட, முகத்தைப் பார்க்காமல், "டிக்கெட் போடுங்க, பாக்கலாம்" என்பான். புகாரைக் கணினியில் பதிவு செய்வதற்குத்தான் டிக்கெட் போடுவது என்று பெயர். போட்டவர்கள் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை. புது லேப்டாப்பைப் பார்த்து டிக்கெட் கையை நீட்டியபோது, பூட்டு அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதுல நீ கை வைக்க வேணாம். இதுல எல்லாமே டிஃபால்ட்டாவே சரியா இருக்கும்."

ஒரு வேலை குறைந்தது என்ற நிம்மதியில் டிக்கெட், பரிசோதிக்கப்பட்டது என்று பதிவு செய்துவிட்டு மறுபடியும் மொபைலில் மூழ்கிப் போனான்.

அந்த லேப்டாப்பிலும் ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது பெட்டியிலிருந்து வரும்போதே அணைந்திருந்தது. செய்தவர்களுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. ஜன்னலே இல்லாத வீட்டுக்குக் காவலாளி எதற்கு என்பது அந்தக் கணக்கு. நியாயமான கணக்குதான், வீட்டுக்காரர் தானாகப் போய் ஒரு ஜன்னலை வைத்துத் திறந்து போடாதவரை.

பூட்டு அதைத்தான் செய்தார். அவருடைய மகள் நீச்சல் போட்டியில் கலந்துகொண்டிருந்தாள். அந்த வீடியோவை ஹாலில் இருக்கும் டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டார். பூட்டு லேப்டாப்பில் பகிர்வைத் திறந்தார். யாரோடு பகிர வேண்டும் என்று அது கேட்டது. டிவியின் பெயரைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, எல்லாரும் என்று அழுத்தினார். பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்டது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி யார் மாரடிப்பது என்று, வேண்டாம் என்று அழுத்தினார். எந்த ஃபோல்டர் என்று கேட்டது. வீடியோ ஃபோல்டர் முழுவதையும் காட்டினார். மகள் கடைசிக்கு முந்தைய ஆளாகக் கரையேறியதைக் குடும்பமே கைதட்டிப் பார்த்தது. பிறகு மூவரும் தூங்கப் போனார்கள். ஜன்னல் திறந்தபடியே கிடந்தது.

மறுநாள் அந்த லேப்டாப் அலுவலகத்துக்கு வந்தது. காவலாளி விழித்திருந்தால், இது வீடில்லையே, இங்கே எதற்கு ஜன்னல் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பான். தூங்குகிறவன் என்ன கேட்பான்?

மத்தியானம் சாப்பாட்டு அறையில் ரிமோட்டைக் கையில் எடுத்தது பெரியக்கா. கிளெய்ம் பிரிவின் மூத்த அதிகாரி. வீடு எரிந்தவர்கள், கார் நசுங்கியவர்கள், இரண்டும் நடந்ததாகப் பொய் சொல்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரே குரலில் பேசிப் பழகியவர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டிவியின் சத்தத்தைக் குறைக்கப்போன இடத்தில், திரையின் ஓரத்தில் பூட்டுவின் முழுப்பெயரோடு புதிதாக ஓர் அடையாளம் முளைத்திருப்பதைப் பார்த்தார். இன்னொரு விழிப்புணர்வு வீடியோ போல, எப்படியும் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று சலித்தபடி அழுத்தினார்.

திரையில் பூட்டு தன் அறையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜன்னல் திரைகள் இறக்கப்பட்டிருந்தன. தலையைக் குனிந்து மேசையில் எதையோ தேடுவதுபோல் இருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். இரண்டு புருவங்களும் ஒன்றாக உயர்ந்தன. வலது கை நெஞ்சுக்குப் போனது.

"எனக்கா?" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு தடவ. கை கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் வருடாவருடம் சிறந்த தகவல் பாதுகாவலர் என்று ஒருவருக்கு விருது கொடுக்கும். இந்த வருடம் யார் என்பது மேடையில் அறிவிக்கும்வரை ரகசியம். ஆனால் தேர்வுக் குழுவில் பூட்டுவும் ஒருவர். ஆகவே தனக்கு வரப்போகும் திகைப்புக்கு அவர் லேப்டாப் கேமராவில் பதிவு செய்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுகள் போய்ச் சேர்ந்தது அதே வீடியோ ஃபோல்டரில். எதிலும் தயாரிப்பில்லாமல் இறங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆச்சரியப்படுவதற்கும் அதே கொள்கைதான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பார்ப்பது நிஜம்தானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது முறை பூட்டு கண்ணோரத்தில் ஈரம் வரவழைக்க முயன்று கொட்டாவி விட்டபோது, கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்குப் புரையேறி, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது.

அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் யாரும் தங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூட்டு சாப்பாட்டு அறைக்கு வருவதே இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் மொபைல் திரையை யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று அறையைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். அதனால் அவருக்குத் தெரிய வழியில்லை. நல்ல ஒத்திகைகளை ஜனங்கள் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். பிறந்தநாளுக்கு யாராவது பரிசு கொடுத்தால் நெஞ்சில் கைவைத்து, எனக்கா என்பது கட்டடம் முழுக்கப் பரவியது. கீழே வரவேற்பில் இருந்த பெண் தபால்காரரிடம் அப்படிச் சொன்னதாகக்கூடப் பேச்சு.

பிறகு ஒருநாள் புது வீடியோ வந்தது. எல்லாரும் தயாராக உட்கார்ந்தார்கள். பூட்டு கேமராவை வாஞ்சையோடு பார்த்தார்.

"உங்கள மாதிரி ஒரு ஆள இழக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ச்சே. கண்ணாடிய இன்னும் கொஞ்சம் லேட்டா கழட்டணும்."

இரண்டாம் ஒத்திகையில் விஷயம் தெளிவாகியது. கணினிக் கோளாறுகளைப் பார்க்கும் வேலை வெளிக் கம்பெனி ஒன்றுக்குப் போகிறது. உங்களைப் போன்ற ஆள் என்பது டிக்கெட். மூன்றாவது வீடியோவில் பூட்டு, எதிரே தலைமை இயக்குநர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினார். குனிந்து, நிமிர்ந்து, புருவம் உயர்த்தி, கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், "என்ன சார் சொல்றீங்க? அது என் மச்சான் கம்பெனியா?" என்றார். விருதுக்குச் செய்த அதே ஆச்சரியம். புதிதாக எதுவும் செய்ய அவர் மெனக்கெடவில்லை.

சாப்பாட்டு அறையில் ஸ்பூன் சத்தம் நின்றது. டிக்கெட் கடைசி மேசையில், வழக்கம்போல் தனியாக, வாயில் வைத்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவனை அந்த மாடியில் யாருக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போவதற்கு அவன் நிறையவே உழைத்திருந்தான். ஆனாலும் அன்று பெரியக்கா தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தார். லேப்டாப் திறந்து கிடக்கிறது என்று பூட்டுவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டார். சொல்ல முடியாது என்றான் டிக்கெட். அதைப் பரிசோதித்ததாகப் பதிவு செய்தது தான்தான், சொன்னால் இன்றைக்கே வேலை போகும், சொல்லாவிட்டால் ஒரு மாதம் தாங்கும் என்றான்.

"என்னை நீங்கன்னு சொல்றாரு பாத்தீங்களாக்கா," என்றான் கொஞ்சம் கழித்து. "இத்தன வருஷத்துல ஒரு தடவகூட சொன்னதில்ல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அதன் பிறகு டிக்கெட் அந்த வீடியோவைத் தினமும் தனியாக உட்கார்ந்து பார்த்தான். வேலையில் அவன் காட்டாத அக்கறையை அதில் காட்டினான்.

பூட்டு அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்ட நாளும் வந்தது. உட்காருங்க என்றார். டிக்கெட் உட்கார்ந்தான். பூட்டு மேசையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அவனை வாஞ்சையோடு பார்த்தார்.

"உங்கள மாதிரி ஒரு ஆள..."

"இழக்கிறது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும் சார்," என்றான் டிக்கெட்.

பூட்டு ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் பழக்கம் விடவில்லை, கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"இன்னும் கொஞ்சம் லேட்டா சார். நிர்வாகம் எடுத்த முடிவுன்னு சொல்லிட்டு, அப்புறமா கழட்டுங்க. ரெண்டாவது டேக்ல அப்படித்தான் பண்ணீங்க, நல்லா வந்துது."

பூட்டுவின் கை அந்தரத்தில் நின்றது. அறையைச் சுற்றிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பூத்தொட்டியைப் பார்த்தார். எங்கே கேமரா வைத்தீர்கள் என்று கேட்டார். கேமரா நீங்கள் வைத்ததுதான், படம் ஓடுவது சாப்பாட்டு அறையில் என்று டிக்கெட் சொன்னான். போகிற போக்கில், மச்சானைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

பூட்டு நடந்தாரா ஓடினாரா என்று மூன்றாம் மாடியில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளியபோது உள்ளே கூட்டம் நிரம்பி வழிந்தது. சுவரில் அவர் குனிந்துகொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்தவர் நிமிர்ந்து, அழகாகப் புருவம் உயர்த்தி, அவரையே பார்த்து, எனக்கா என்றார். வாசலில் நின்றவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணித் தொங்கியது. ஒரு கண் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. கை நெஞ்சுக்குப் போகவில்லை, கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டது. அவர் உண்மையில் அதிர்ந்தால் எப்படி இருப்பார் என்பதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஒத்திகையோடு ஒப்பிட்டால் சுமார்தான்.

பெரியக்கா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். ஒருவர் பின் ஒருவராக டப்பாவை மூடிக்கொண்டு வெளியேறினார்கள்.

பூட்டு அறைக்குத் திரும்பித் தாக்கியவனைத் தேட ஆரம்பித்தார். இவ்வளவு பெரிய கோட்டைக்குள் ஒருவன் நுழைந்திருக்கிறான் என்றால் அவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது, வெளிநாட்டுக் கூட்டம் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. சாயங்காலம்வரை தேடிவிட்டு, கடைசியில் லேப்டாப்பின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தார். வாங்கியதிலிருந்து அவர் திறக்காத பக்கம். ஃபயர்வால், அதற்கு எதிரே, அணைக்கப்பட்டுள்ளது.

கண்டுபிடித்துவிட்டார். உள்ளே புகுந்தவன் முதல் வேலையாகக் காவலாளியை வீழ்த்தியிருக்கிறான். உடனே லேப்டாப் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, என் ஃபயர்வாலை யார் அணைத்தது, எப்போது அணைத்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையானவர்.

"யாரும் அணைக்கல சார். வரும்போதே அப்படித்தான் வரும். நீங்கதான் ஆன் பண்ணிக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இது ஆஃபீஸ் லேப்டாப்பா இருந்தா, உங்க ஆஃபீஸ்ல பாதுகாப்புக்குன்னு ஒரு அதிகாரி இருப்பாரு. அவருகிட்ட கேட்டீங்கன்னா உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லித் தருவாரு," என்றார்.

பூட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பொத்தானை அழுத்தினார். அணைக்கப்பட்டுள்ளது என்பது இயக்கப்பட்டுள்ளது என்று மாறியது. ஒரே ஒரு அழுத்தல்தான். அதற்கு ஆச்சரியக்குறி வைத்த பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போனபோதுதான் அவருக்கு ஹால் டிவி நினைவு வந்தது. மனைவி பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க மற்றவர்களின் தோளையும் முழங்காலையும் மடக்கி நீட்டிவிட்டு வந்து, சோஃபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். பூட்டு சுற்றி வளைத்து, இந்த டிவியில் என் லேப்டாப் வீடியோ ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியுது," என்றார் மனைவி.

"எதெல்லாம் பாத்தே?"

"எல்லாமே. உங்களுக்கு மூணாவது டேக்தான் நல்லா இருந்துது."

சொல்லியிருக்கலாமே என்று பூட்டு கேட்டார். சொல்வதற்கு முன் தம்பியிடம் சொல்ல வேண்டியது இருந்தது, சொல்லிவிட்டேன் என்றார் மனைவி. அக்கா புருஷன் தயவில் கம்பெனி நடத்துகிறவன் இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று போனிலேயே முடித்திருந்தார். பூட்டு அதற்கு ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மனைவி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அணைந்திருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உண்டாயிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னப்போ, நெஞ்சுல கை வெச்சு நின்னீங்களே. அத நான் எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"அது நிஜம்."

"இதே கைதான். இதே நெஞ்சுதான். புருவம்கூட இதேதான்."

ஆஸ்பத்திரியில் கர்ப்பப் பரிசோதனை முடிவு வருவதற்கு முந்தைய நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் சற்று நேரம் நின்றிருந்தது பூட்டுவுக்கு மங்கலாக நினைவிருந்தது. முகம் மழிக்க நின்றாரா, வேறு எதற்காகவாவது நின்றாரா என்பது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றிரவு அவரைப் பயமுறுத்தியது அதுதான். அலுவலகம் முழுக்கச் சிரித்ததுகூட அவ்வளவு உறுத்தவில்லை. மனைவி எழுந்துபோய் மகளின் அறையில் படுத்துக்கொண்டார்.

ஆனால் அலுவலகத்தில் பூட்டு பூட்டுதான். மறுநாள் காலை எல்லாருக்கும் சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரின் கணினி, அனுமதியில்லாத பார்வைக்கு உள்ளாகியிருக்கிறது. திறந்திருக்கிறது என்பதற்காக எதையும் திறந்து பார்ப்பது அத்துமீறலே. ஃபயர்வால் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் விழிப்புணர்வுப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று உத்தரவு. வந்தார்கள். கட்டடத்தில் பாதி வந்தது. பயிற்சி கொடுத்தவர் பூட்டு. டிவியை ஆணியோடு கழற்றிக்கொண்டு போனார்கள், சுவரில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. முதலில் பொத்தானை அழுத்தியவர் என்பதால் பெரியக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். சத்தத்தைக் குறைக்கப் போனேன் என்று எழுதிக் கொடுத்தார். விளக்கம் திருப்தியாக இல்லை என்று அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வைத் தள்ளிவைத்தார்கள். அதைத் தள்ளிவைக்க நிர்வாகம் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தது என்பது தனிக்கதை.

விருது விழா ஒரு ஹோட்டலின் கூட்ட அரங்கில் நடந்தது. மூன்றாம் மாடிக்காரர்களுக்குப் பின்வரிசையில் இடம். வழக்கமாகப் பாதிப் பேர் வரமாட்டார்கள், அன்று ஒருவர்கூட விடுமுறை எடுக்கவில்லை. மேடையில் பூட்டுவின் பெயரைச் சொன்னார்கள். அவர் எழுந்தார். அத்தனை நாள் பழக்கத்தில் தலை குனிந்தது, நிமிர்ந்தது. பின்வரிசையில் இருபது கைகள் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குப் போவதைப் பார்த்தார். அவருடைய கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. புருவம் அசைய மறுத்தது. மேடைக்குப் போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டு, மைக்கின் முன் நின்றார். ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

"எனக்கு இது முன்னாடியே தெரியும்," என்றார். "நான்தான் கமிட்டியில இருக்கேனே."

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு எவ்வளவு நகைச்சுவை உணர்வு என்று சங்கத் தலைவர் தோளில் தட்டினார். அடுத்த வருடமும் நீங்களே குழுவில் இருக்க வேண்டும் என்று மைக்கிலேயே கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்துக்கு முன்னால் அவர் ஓர் உண்மையைச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் அன்றைய விழாவில் பலத்த கைதட்டல்.

வெளிக் கம்பெனி விஷயம் அடுத்த வாரம் தலைமை இயக்குநரின் மேசைக்குப் போனது. அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இந்தக் கம்பெனி யாருடையது என்று கேட்டார். பூட்டு இப்போது ஒளித்து வைக்கும் நிலையில் இல்லை. சில நாட்களாகவே முகத்தை ஏற்பாடு செய்ய அவரால் முடியவில்லை.

"என் மச்சானோடது சார்," என்றார். வீட்டில் மனைவியிடம் சொல்ல ஒரு நல்ல விஷயமாவது கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "தப்புதான், வேணாம்னா விட்டுடலாம்," என்றும் சொன்னார்.

"இதுல தப்பு என்ன இருக்கு? தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதுதானே," என்றார் இயக்குநர். "அவர ஒரு தடவ வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க."

மச்சான் வந்து பார்த்தார். அக்கா வீட்டு வாசலைத்தானே மிதிக்கக் கூடாது, அக்கா புருஷனின் அலுவலக வாசலை மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதல் சந்திப்பிலேயே இயக்குநருக்கு அவரைப் பிடித்துப்போனது. இப்போது இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி, டிக்கெட்டை வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை அவன் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மச்சான் கம்பெனிக்கு ஆள் வேண்டும், அந்த மாடியைத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

பூட்டுவின் வீட்டில் மனைவி அவரிடம் பேசுகிறார், தேவையான அளவுக்கு. தம்பிக்கு ஒப்பந்தம் போனது எப்படி என்று அவர் எவ்வளவோ விளக்கிவிட்டார், தான் வேண்டாம் என்று சொன்னதாகக்கூடச் சொன்னார். நம்புகிற மாதிரி சொல்ல அவருக்கு வரவில்லை.

சில வாரம் கழித்துப் பெரியக்கா டிக்கெட்டின் மேசைப் பக்கம் போனவர், புது வேலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"பரவாயில்லக்கா," என்றான் அவன், மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதலாளி வாரம் ஒரு தடவ வர்றாரு. அவரு வந்தா உங்க பூட்டு சார் எழுந்து நிக்கிறாரு."